குடும்பத்தோடு பொது நூலகத்துக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொது நூலகத்துக்கு வரும் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்கத் தயங்கி மனதிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிடும் கேள்விகளும் சில உண்டு. எத்தனை புத்தகம், எத்தனை நாள் போன்ற விதிகள் நூலகத்துக்கு நூலகம் மாறும். அவற்றை மட்டும் உங்கள் நூலகத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பொது நூலகம் யாருக்கானது? உள்ளே வர ஏதாவது தகுதி வேண்டுமா?

எந்தத் தகுதியும் வேண்டாம். யுனெஸ்கோ 1949இல் பொது நூலகத்துக்கென ஓர் அறிக்கை வெளியிட்டது. இஃப்லா எனப்படும் சர்வதேச நூலகக் கூட்டமைப்போடு சேர்ந்து அதை 1994இலும் 2022இலும் புதுப்பித்தார்கள். வயது, இனம், பாலினம், மதம், மொழி, சமூக நிலை எதையும் பார்க்காமல் எல்லோருக்கும் சமமாக நூலகம் திறந்திருக்க வேண்டும், கொள்கையளவில் அது இலவசமாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

அமெரிக்காவில் பீட்டர்பரோ என்ற சிற்றூர் 1833இலேயே வரிப்பணத்தில் ஒரு நூலகம் நடத்தத் தொடங்கியது. இங்கிலாந்தில் அதற்கென்று 1850இல் சட்டமே வந்தது. இன்றும் பெரும்பாலான பொது நூலகங்கள் மக்கள் கட்டும் வரியில்தான் ஓடுகின்றன. ஆகவே, “நாங்கள் அதிகம் படிக்காதவர்கள், உள்ளே வரலாமா?” என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. நாளிதழ் புரட்டவோ, வெயிலுக்குச் சற்று நேரம் உட்காரவோ, ஒரு விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று கேட்கவோ வரலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வரலாம். எழுத்தறிவு வகுப்பு நடத்தும் நூலகங்கள் உலகமெங்கும் இருக்கின்றன.

உறுப்பினராவது எப்படி?

ஒரு படிவம், ஓர் அடையாளச் சான்று, ஒரு முகவரிச் சான்று. பெரும்பாலும் அவ்வளவுதான். சில நூலகங்கள் வைப்புத்தொகை வாங்கும். விலகும்போது அதைத் திருப்பித் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கேயே உட்கார்ந்து படிப்பதற்குப் பெரும்பாலான இடங்களில் உறுப்பினர் அட்டை தேவையில்லை.

பிள்ளைக்குத் தனி அட்டை தருவார்கள் என்றால் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். அப்பா அட்டையில் எடுத்த புத்தகத்துக்கும், தன் பெயர் போட்ட அட்டையை நீட்டித் தானே எடுத்த புத்தகத்துக்கும் குழந்தையின் மனதில் பெரிய வித்தியாசம் உண்டு.

கைக்குழந்தையை அழைத்து வரலாமா? அதற்கு என்ன புரியப்போகிறது?

தாராளமாக வரலாம். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. இதற்கு நல்ல பதில் கிடைக்காததால்தான் பல குடும்பங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் போகும்வரை காத்திருந்து அருமையான நான்கைந்து ஆண்டுகளை விட்டுவிடுகின்றன.

மாதக் குழந்தைக்குக் கதை புரியாதுதான். ஆனால் அம்மாவின் குரல் புரியும். ஒரே பாட்டை, ஒரே வரியை மறுபடி மறுபடி கேட்கும்போது மொழியின் ஓசைகளை அது பிரித்தறியப் பழகுகிறது. நாம் அன்றாடம் பேசுவது “சாப்பிடு”, “தூங்கு”, “வா” என்ற சிறிய வட்டத்துக்குள் அடங்கிவிடும். புத்தகத்தைத் திறந்தால் யானையும் கடலும் புயலும் ராட்டினமும் வந்துவிடும். வீட்டில் புழங்காத சொற்கள் காதில் விழும். பேச்சு வருவதற்கு முன்பே சொற்கள் உள்ளே சேரத் தொடங்கிவிடுகின்றன.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1992இல் 300 குடும்பங்களோடு ஒரு திட்டம் தொடங்கியது: கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் புத்தகங்களை இலவசமாகக் கொடுத்து, நூலகத்துக்கும் வழிகாட்டுவது. இந்த யோசனையைப் பின்னர் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. இதில் மருத்துவர்களும் செவிலியர்களும் நூலகர்களும் கைகோக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தடுப்பூசி போட வரும் நாளில் கையில் ஒரு புத்தகத்தையும் கொடுத்தனுப்பினால் எந்தக் குடும்பமும் விடுபடாது.

கைக்குழந்தைகளுக்கென்றே தடித்த அட்டைப் பக்கங்கள் கொண்ட புத்தகங்கள் இருக்கின்றன. குழந்தை அதைக் கடிக்கும், சப்பும், தலைகீழாகப் பிடிக்கும். அந்த வயதில் அதுவும் வாசிப்புதான். நூலகத்தில் யாரும் கோபப்பட மாட்டார்கள். திருப்பிக் கொடுக்கும்போது துடைத்துக் கொடுத்தால் போதும்.

கதை நேரத்தில் என்ன நடக்கும்? என் பிள்ளை ஓரிடத்தில் உட்காரவே மாட்டான்.

கதை நேரம் என்பது நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நிகழ்ச்சி. அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் நடக்கும். இரண்டு மூன்று கதைகள், இடையிடையே பாட்டு, கைதட்டல், சில நேரம் ஒரு பொம்மை அல்லது வரைதல். கதைசொல்லிகள் பிள்ளைகள் அசையாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே இல்லை. பாதிக் கதையில் எழுந்து ஓடும் குழந்தையும் காதைக் கதையில் வைத்துக்கொண்டுதான் ஓடுகிறது. வீட்டுக்குப் போனதும் அதே கதையைச் சொல்லிக் காட்டும்போது உங்களுக்கே தெரியும். அழுதால் சற்று வெளியே தூக்கிப் போய்விட்டுத் திரும்பி வாருங்கள். ஒருமுறை அழுதான் என்று அடுத்த முறை வராமல் இருந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று முறை வந்தால் இடமும் முகங்களும் பழகிவிடும்.

ஒரு வேண்டுகோள்: பிள்ளையை உட்கார வைத்துவிட்டுப் பின்வரிசையில் போனைப் பார்க்காதீர்கள். கதை நேரம் பிள்ளைக்கு எவ்வளவோ அவ்வளவு பெற்றோருக்கும்தான். கதைசொல்லி எங்கே நிறுத்துகிறார், எங்கே குரலைத் தாழ்த்துகிறார், “இப்ப என்ன ஆகும்?” என்று எங்கே கேட்கிறார் என்று பாருங்கள். அதையே வீட்டில் செய்யலாம். வார்த்தைக்கு வார்த்தை வாசித்து முடிப்பதைவிட, நடுவில் நிறுத்திப் பேச விடுவதுதான் பலன் தரும். “பூனை ஏன் ஒளிஞ்சுக்கிச்சு?” என்று கேளுங்கள். குழந்தை ஒரு சொல்லில் பதில் சொன்னால் அதையே இரண்டு மூன்று சொற்களாக விரித்துத் திருப்பிச் சொல்லுங்கள். “பயம்” என்றால், “ஆமா, பெரிய நாயைப் பார்த்துப் பயந்துபோச்சு” என்று. வாசிக்கத் தெரியாத தாத்தா பாட்டிகூடப் படத்தைப் பார்த்து இதை அழகாகச் செய்துவிடுவார்கள்.

வீட்டில் ஒரு மொழி, வெளியே வேறு மொழி என்று வாழும் குடும்பங்கள் எந்த மொழிப் புத்தகம் எடுப்பது என்று கேட்பதுண்டு. உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ அந்த மொழியில் எடுங்கள். அந்த மொழிப் புத்தகங்கள் குறைவாக இருந்தால் வாங்கச் சொல்லிக் கேளுங்கள்.

படக்கதை மட்டும்தான் எடுக்கிறாள். அறிவுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது எடுக்க வைக்க முடியாதா?

எடுக்க விடுங்கள். படக்கதையில் ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையே என்ன நடந்தது என்பதை வாசிப்பவர்தான் ஊகிக்க வேண்டும்; அது சோம்பேறி வாசிப்பு கிடையாது. அதே புத்தகத்தைப் பத்தாவது முறை எடுத்தாலும் கவலை வேண்டாம். தெரிந்த கதையை மறுபடி வாசிக்கும்போது வேகமும் தன்னம்பிக்கையும் கூடும்.

சீர்காழியில் 1892இல் பிறந்து, உலக நூலகத் துறையே மதிக்கும் அறிஞராக வளர்ந்த எஸ். ஆர். ரங்கநாதன் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து, நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர். இரண்டாவது விதியை ஒவ்வொரு பெற்றோரும் மனதில் வைக்க வேண்டும் என்பேன். உங்கள் பிள்ளைக்குரிய நூல் எது என்பதைப் பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, பிள்ளை எடுக்கும் நான்கோடு நீங்கள் ஒன்றைச் சேர்த்து எடுத்து வீட்டில் கண்ணில் படும்படி வைப்பது. பிறகு அதைப் பற்றி எதுவும் கேட்காமல் இருப்பது.

அலமாரியில் இருக்கும் எண்களுக்கு என்ன அர்த்தம்?

பல நூலகங்கள் அமெரிக்க நூலகர் மெல்வில் டியூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறையைப் பின்பற்றுகின்றன. அறிவுத் துறைகள் எல்லாம் 000 முதல் 999 வரை பத்துப் பெரும் பிரிவுகள். 500 என்றால் அறிவியல், அதற்குள் 590 விலங்குகள். 641.5 சமையல், 796 விளையாட்டு, 398.2 நாட்டுப்புறக் கதைகள். தமிழ் இலக்கியத்துக்கு 894.811. ரங்கநாதன் உருவாக்கிய கோலன் பகுப்பு முறையைப் பயன்படுத்தும் நூலகங்களும் உண்டு.

எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். டைனோசர் பைத்தியமாக இருக்கும் பிள்ளைக்கு 567 என்ற ஒரே ஓர் எண்ணைச் சொல்லிக் கொடுங்கள். அதற்குப் பிறகு எந்த ஊர் நூலகத்துக்குப் போனாலும், அங்கே டியூயி முறை இருந்தால், யாரையும் கேட்காமல் நேராக அந்த அடுக்குக்குப் போய் நிற்பாள்.

எடுத்துப் பார்த்த புத்தகத்தை நீங்களே திரும்ப அடுக்காமல் மேசையிலேயே வைத்துவிடுங்கள். இடம் மாறி வைத்த புத்தகம் தொலைந்த புத்தகத்துக்குச் சமம். தவிர, மேசையில் கிடப்பவற்றைக் கணக்கெடுத்து எது புழங்குகிறது என்று பார்க்கும் நூலகங்களும் இருக்கின்றன.

தேடும் புத்தகம் இல்லை என்றால்?

வெளியே போயிருந்தால் முன்பதிவு செய்யலாம். அந்த நூலகத்திலேயே இல்லை என்றால், வேறு கிளையிலிருந்தோ வேறு நூலகத்திலிருந்தோ வரவழைத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். நூலகங்கள் தங்களுக்குள் இரவல் கொடுத்துக்கொள்ளும் ஏற்பாடு பல இடங்களில் உண்டு. பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. எங்கும் கிடைக்காவிட்டால் பரிந்துரைப் பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டு வாருங்கள். அடுத்த கொள்முதலின்போது அதைத்தான் பார்ப்பார்கள்.

நூலகரிடம் எதையெல்லாம் கேட்கலாம்? தொந்தரவாக நினைக்க மாட்டார்களா?

நூலகத்தின் மிகப் பெரிய சேவை அலமாரியில் இல்லை, நூலகரின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் மக்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்துகிறார்கள்.

வருபவர் முதலில் கேட்பது பெரும்பாலும் அவருக்கு உண்மையில் வேண்டியதாக இருக்காது. “உடல்நலப் புத்தகம் எங்கே?” என்பார். பேசிப் பார்த்தால், அம்மாவுக்குப் புதிதாகச் சர்க்கரை நோய் என்று சொல்லியிருப்பார்கள். என்ன சாப்பாடு கொடுப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பார். அதனால்தான் நூலகர் இரண்டு மூன்று எதிர்க்கேள்வி கேட்பார். துருவுகிறாரே என்று எண்ண வேண்டாம். சரியான அடுக்குக்கு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் அந்தக் கேள்விகள். முடிந்தால் முதலிலேயே தேவையை விவரமாகச் சொல்லிவிடுங்கள்: யாருக்கு, என்ன வயது, எதற்காக, எவ்வளவு ஆழமாக.

வேலைக்கு விண்ணப்பம், அரசுத் திட்டங்கள், பிள்ளையின் பள்ளித் திட்டப்பணி, சொந்த ஊரின் பழைய வரலாறு என எதையும் கேட்கலாம். மருத்துவ ஆலோசனையும் சட்ட ஆலோசனையும் நூலகர் தர மாட்டார், தரவும் கூடாது. நம்பகமான தகவல் எங்கே இருக்கிறது என்று காட்டுவார். நீங்கள் எதைக் கேட்டீர்கள், எதை எடுத்தீர்கள் என்பதை இன்னொருவரிடம் சொல்லாமல் இருப்பது அந்தத் தொழிலின் அறம். வீட்டில் அடி வாங்கும் பெண் அதைப் பற்றிய புத்தகத்தைத் தேடி வரலாம். அந்தச் செய்தி வெளியே போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் அவர் வாயைத் திறந்து கேட்பார்.

பிள்ளையை நூலகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போய் வரலாமா?

சிறு பிள்ளை என்றால் கூடாது. நூலகம் யார் வேண்டுமானாலும் வந்து போகும் பொது இடம். ஊழியர்களால் ஒரு குழந்தையை மட்டும் கவனித்துக்கொண்டிருக்க முடியாது. எந்த வயதிலிருந்து தனியாக வரலாம் என்று ஒவ்வொரு நூலகத்திலும் விதி இருக்கும். பள்ளி முடிந்த பிறகு பாடத்துக்கு உதவும் நிகழ்ச்சி நடந்தால், அதற்குப் பதிவு செய்துவிட்டு விடலாம்.

புத்தகம் கிழிந்துவிட்டது, நனைந்துவிட்டது, கெடு தாண்டிவிட்டது. இனி எப்படி முகத்தைக் காட்டுவது?

நேராகக் கொண்டுவந்து உண்மையைச் சொல்லுங்கள். இது வாரந்தோறும் நடப்பதுதான்.

கிழிந்த பக்கத்தில் செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும். பிறகு சரிசெய்யவே முடியாது. கிழிந்த துண்டைப் புத்தகத்துக்குள் வைத்து அப்படியே கொடுங்கள். நனைந்த புத்தகத்தை வெயிலில் வைத்தால் தாள் நெளிந்துவிடும். பக்கங்களுக்கு இடையிடையே வெள்ளைத் தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் நிற்க வையுங்கள். தாள் ஈரமாகிவிட்டால் மாற்றுங்கள். இரண்டு நாளைக்கு மேல் ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும், அது பக்கத்துப் புத்தகங்களுக்கும் பரவும். தொலைந்துபோனால் பெரும்பாலும் விலையைக் கட்டச் சொல்வார்கள், அல்லது அதே புத்தகத்தை வாங்கித் தரச் சொல்வார்கள்.

தாமதக் கட்டணத்தைப் பொறுத்தவரை என் நிலைப்பாடு தெளிவானது: குழந்தைகளின் அட்டைக்கு அது இருக்கவே கூடாது. சிகாகோ பொது நூலகம் 2019 அக்டோபரில் தாமதக் கட்டணத்தை அடியோடு எடுத்துவிட்டது. வீடுகளில் முடங்கிக் கிடந்த புத்தகங்கள் அதன் பிறகுதான் திரும்பி வரத் தொடங்கின. அபராதத்துக்குப் பயந்து நூலகப் பக்கமே வராமல் போவது பெரும்பாலும் ஏழைக் குடும்பங்கள்தான். நூலகம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களையே அபராதம் துரத்துகிறது. உங்கள் நூலகத்தில் கட்டணம் இருந்து, கட்ட முடியாத நிலை என்றால், தள்ளுபடி உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். கெடு முடிவதற்கு முன் புதுப்பித்துவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது; போனிலோ இணையத்திலோ செய்ய முடியும் இடங்கள் நிறைய.

பார்வைக் குறைபாடு, எழுத்துக் குழப்பம் (டிஸ்லெக்சியா) உள்ளவர்களுக்கு என்ன இருக்கிறது?

பெரிய எழுத்து நூல்கள், பிரெயில் நூல்கள், ஒலிநூல்கள், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள். லூயி பிரெயில் அந்தப் புள்ளி எழுத்தை 1824இல் உருவாக்கியபோது அவருக்கு வயது 15. அச்செழுத்தைப் படிக்க முடியாதவர்களுக்கென்றே உருவான டெய்சி என்ற மின்வடிவத்தில் உள்ள ஒலிநூலில் அத்தியாயம், பக்கம் என்று தாவிப் போகவும் முடியும்.

2013இல் கையெழுத்தாகி 2016இல் நடைமுறைக்கு வந்த மராகேஷ் உடன்படிக்கை, இத்தகையவர்களுக்காக நூல்களை மாற்று வடிவத்தில் படியெடுக்கவும் நாடு விட்டு நாடு பகிரவும் வழி செய்கிறது. அதை முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. டிஸ்லெக்சியா உள்ள குழந்தைகளுக்கும் இது பொருந்தும். ஒலிநூல் கேட்பது ஏமாற்று வேலை என்று யாராவது உங்கள் பிள்ளையிடம் சொன்னால் தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள். ஒலிநூலைக் கேட்டுக்கொண்டே அச்சுப் புத்தகத்தில் விரல் வைத்துப் பின்தொடர்வது பல பிள்ளைகளுக்குக் கைகொடுக்கிறது.

வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு?

நடமாடும் நூலகம், வீட்டுக்கே புத்தகம் கொண்டுவரும் சேவை இரண்டும் உண்டு. மன்னார்குடியில் 1931இல் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. கென்யாவில் 1996 முதல் ஒட்டகங்கள் புத்தகப் பெட்டி சுமந்தன. கொலம்பியாவில் லூயிஸ் சொரியானோ என்ற ஆசிரியர் இரண்டு கழுதைகளோடு கிராமங்களுக்குப் போய்ப் புத்தகம் கொடுத்தார். உங்கள் வட்டாரத்தில் எதுவும் இல்லை என்றால், முதியவரின் அட்டையில் குடும்பத்தினர் எடுத்துப்போக அனுமதி கேளுங்கள்.

மின்னூலுக்குக்கூட ஏன் காத்திருக்க வேண்டியிருக்கிறது? அது கோப்புதானே?

நியாயமான கேள்வி. பல பதிப்பகங்கள் நூலகத்துக்கு மின்னூலை விற்பதில்லை, உரிமம்தான் தருகின்றன. ஓர் உரிமத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம். சில உரிமங்கள் இரண்டு ஆண்டில் காலாவதியாகும். நூலகம் மறுபடி பணம் கட்ட வேண்டும். ஆகவே, நீங்கள் படித்து முடித்ததும் கெடுவுக்குக் காத்திராமல் உடனே திருப்பிவிட்டால் வரிசையில் இருப்பவருக்கு அது போய்விடும். காப்புரிமை முடிந்த நூல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1971இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் போன்ற இணைய நூலகங்களில் இலவசமாகவே கிடைக்கும்.

நூலகக் கணினியில் வங்கிக் கணக்கோ மின்னஞ்சலோ பார்த்தால் வெளியேறிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பதிவிறக்கிய சான்றிதழ், அடையாள அட்டை நகல் போன்றவற்றை அழித்துவிடுங்கள்.

புத்தகம் தவிர வேறு என்ன கிடைக்கும்?

ஊருக்கு ஊர் மாறும். கலிபோர்னியாவின் பெர்க்லி பொது நூலகம் 1979 முதல் துளைக் கருவி, ரம்பம் என்று வேலைக் கருவிகளை இரவல் தருகிறது. விளையாட்டுப் பொருள், விதை, இசைக்கருவி, தொலைநோக்கி தரும் நூலகங்களும் உண்டு. டென்மார்க்கில் 2000இல் தொடங்கிய மனித நூலகத்தில் புத்தகத்துக்குப் பதில் ஒரு மனிதர். அவரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து அவர் வாழ்க்கையைப் பற்றி எதையும் கேட்கலாம்.

எங்கள் வீட்டுப் பழைய புத்தகங்களைக் கொடுக்கலாமா? நிகழ்ச்சி நடத்த முடியுமா?

கொண்டுவருவதற்கு முன் கேளுங்கள். காலாவதியான பாடநூல், பூச்சி அரித்த புத்தகம், பழைய சட்டப் புத்தகம் இவையெல்லாம் நூலகத்துக்குச் சுமைதான். நல்ல நிலையில் உள்ள குழந்தைகள் நூலை யாரும் மறுக்க மாட்டார்கள்.

புத்தகத்தைவிட உங்கள் நேரத்தைக் கொடுத்தால் இன்னும் நல்லது. சதுரங்கம் தெரிந்தவர், தையல் தெரிந்தவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல குரலில் கதை வாசிக்கத் தெரிந்த கல்லூரி மாணவி என யாராக இருந்தாலும் நூலகரிடம் போய், “மாதம் ஒரு சனிக்கிழமை வரட்டுமா?” என்று கேட்கலாம். பல நூலகங்களில் கூட்ட அறை சும்மாவே கிடக்கிறது. தொடங்கினால் ஐந்தாறு மாதமாவது விடாமல் செய்யுங்கள். முதல் கூட்டத்துக்கு நான்கு பேர்தான் வருவார்கள்.

எங்கள் நூலகம் பாழடைந்து கிடக்கிறது. போய் என்ன பயன்?

போவதால்தான் பயன். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் வெளியே போனது என்ற கணக்கைக் காட்டித்தான் நிதியும் ஊழியரும் கேட்க முடியும். யாரும் வருவதில்லை என்று எழுதிவிட்டால் மூடுவது எளிது. வருகைப் பதிவேடு இருந்தால் உள்ளே நுழையும்போது கையெழுத்துப் போடுங்கள். பிள்ளையையும் தன் பெயரை எழுதச் சொல்லுங்கள். அங்கேயே படித்து முடிக்கக்கூடிய புத்தகமாக இருந்தாலும் அட்டையில் பதிந்து வீட்டுக்கு எடுத்துப் போங்கள். ஒழுகும் கூரை, எரியாத விளக்கு, கழிப்பறை இல்லாதது பற்றி நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்து, ஒரு நகலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சி உறுப்பினரிடமும் ஒன்று கொடுங்கள். நூலகர் பலமுறை கேட்டும் கிடைக்காதது, வாசகர்கள் கேட்டால் கிடைப்பதுண்டு.